ஓரி மதிப்பெண் போடவில்லை

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறுவோர் செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்த வல்வில் ஓரியின் சிலையைக் காணலாம். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டி அம்மலையில் அரசு சார்பில் ஓரிக்கு விழா எடுக்கப்படுகிறது. விழாவையொட்டி வில்வித்தைப் போட்டியும் நடத்தப்படுவதுண்டு. வில்லாண்மைக்குப் பெயர்பெற்ற ஒருவனை வில்லைக் கொண்டே நினைவுகூர்வதில் பொருத்தக் குறை எதுவும் இல்லை. ஆனால், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக ஓரியின் பெயர் நிலைத்திருப்பதற்கு அவனுடைய வில் பாதிக் காரணமே. மறுபாதி, இசைவாணர்களை அவன் நடத்திய முறை. அந்த முறையை மனத்தில் இருத்திக்கொண்டு, நம் இசை நண்பர்கள் அடிக்கடி எழுப்பும் ஒரு கேள்விக்கு விடை சொல்ல விழைகிறோம். தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, திரைப்பட நிறுவனம் எதையும் சாராமல் இயங்கும் சுயாதீன இசைக்கலைஞர்கள், நாலு பேருக்குத் தம் பெயர் தெரியவேண்டும் என்பதற்காக இசைப் போட்டிகளில் கலந்துகொள்ளலாமா?

கூடாது என்பதே நம் விடை. இசையில் போட்டியே ஆகாது என்று நாம் சொல்லவரவில்லை. பாடியவருக்குக் கூலி கொடுக்காமல், அந்தக் கூலியின் இடத்தில் ‘வெளிச்சம்’ என்ற ஒன்றை வைக்கும் போட்டிகளைத்தான் சொல்கிறோம். இன்று சுயாதீனக் கலைஞர்களை நோக்கி வரும் அழைப்புகளுள் பல இவ்வகையினவே.

முதலில் கொல்லிமலையில் நடந்ததைப் பார்ப்போம். புறநானூற்றின் 152ஆம் பாடல் வன்பரணர் ஓரியைப் பாடியது. காட்டு வழியே வரும் இசைவாணர் கூட்டம் ஒன்று ஒரு வேட்டுவனைக் காண்கிறது. அவன் விட்ட அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இவன் ஓரிதானோ, வேறொருவனோ என்ற ஐயம் அவர்களுக்கு. ஆனாலும் பாடத் தொடங்குகிறார்கள். முழவுக்கு மார்ச்சனை இடப்படுகிறது. யாழில் பண் எழுகிறது. தூம்பும் எல்லரியும் ஆகுளியும் பதலையும் சேர்கின்றன. இருபத்தொரு துறைகளையும் முறைப்படி பாடி முடித்து அவனைத் தலைவன் என்று விளிக்கும்போது அவன் நாணுகிறான். உன்னை ஒத்த வேட்டுவர் எங்கும் இல்லை என்று அவர்கள் சொல்ல வாயெடுக்க, மேலே பேசவும் விடாமல், வேட்டையில் கிடைத்த இறைச்சியையும் மதுவையும் தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் அள்ளிக் கொடுக்கிறான். இவ்வளவும் நடந்தது சுரத்திடையே, நடுவழியில்!

இதில் நாம் கவனிக்கவேண்டியவை மூன்று. அங்கே பாடியது ஒரு கூட்டம். பெற்றதும் அந்தக் கூட்டமே. பதலை அடித்தவனுக்கு உண்டு, ஆகுளி அடித்தவனுக்கு இல்லை என்ற பேச்சு எழவில்லை. இரண்டாவது, கொடை உடனே கிடைத்தது. ‘என் மலையில் பாடினாய் அல்லவா, இனி உன் பெயர் நாடெங்கும் பரவும், அதுவே உனக்குப் பரிசில்’ என்று ஓரி சொல்லியிருந்தால் வன்பரணரின் பாட்டு வேறு திணையில் அமைந்திருக்கும். மூன்றாவது, புகழ் எந்தத் திசையில் சென்றது என்பது. பாணர்கள் ஓரியால் புகழ்பெறவில்லை. பாணர்களால்தான் ஓரி புகழ்பெற்றான். வெளிச்சத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் பாடியவர்கள். பொருளைக் கையில் வைத்திருந்தவன் அதைக் கொடுத்து அவர்களிடமிருந்து வெளிச்சத்தைப் பெற்றுக்கொண்டான்.

இன்றைய போட்டி இந்தக் கொடுக்கல் வாங்கலை அப்படியே தலைகீழாக்கிவிட்டது. மேடை அமைக்கும் நிறுவனத்திற்கு விளம்பரதாரர் உண்டு. ஒளிபரப்பு உண்டு, நுழைவுச் சீட்டு வருமானமும் இருக்கக்கூடும். இவை அனைத்தும் யாரால் வருகின்றன? மேடையில் பாடுகிறவர்களால். அவர்கள் பாடாவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆயினும் அந்தப் பாடகர்களை நோக்கியே, ‘உங்களுக்கு வெளிச்சம் தருகிறோம்’ என்று சொல்லப்படுகிறது. அரிசியை உழவனிடமிருந்து இலவசமாகப் பெற்றுக்கொண்டு, ‘உன் அரிசி எங்கள் கடையில் இருப்பதே உனக்குப் பெருமை’ என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கணக்குதான், ஆனால் யாரும் தம் ஊர்ப் போட்டியின் எண்களை இட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு போட்டிக்கு நூறு குழுக்கள் வருகின்றன. ஒவ்வொரு குழுவும் பயணம், கருவி வாடகை, ஒத்திகைக்கூடம், பதிவுக் கட்டணம் என 5,000 ரூபாய் செலவழிக்கிறது. ஆக, இசைக்கலைஞர்கள் கையிலிருந்து போன தொகை 5 லட்சம். முதற்பரிசு 1 லட்சம் என்று வைத்துக்கொண்டால், கலைஞர் சமூகத்திற்கு நிகர இழப்பு 4 லட்சம். வென்ற குழுவுக்கு ஆதாயமே, மறுக்கவில்லை. அந்த ஆதாயத்தைக் கொடுத்தது போட்டியா, தோற்ற தொண்ணூற்றொன்பது குழுக்களா? பாடகர்கள் பரிசு பெறுவதற்காகப் பாடகர்களே கொடையாளர்களாகும் விந்தை கடையேழு வள்ளல்கள் காலத்தில் இல்லாத ஒன்று.

போட்டியினால் தரம் தெரியவரும் என்பது அடுத்த வாதம். வில்லுக்கும் யாழுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. இலக்கில் அம்பு தைத்ததா இல்லையா என்பதைக் கண்ணுள்ள எவரும் சொல்லிவிடலாம். நடுவர் யாராக இருந்தாலும் இலக்கின் மையம் நகர்வதில்லை. ஒருவர் சொந்தமாக இயற்றிய பாட்டுக்கு அத்தகைய இலக்கு எங்கே நட்டுவைக்கப்பட்டிருக்கிறது? பறையோடு எழும் ஒரு கானாப் பாட்டையும், கிதாரோடு மெல்லப் பாடும் ஒரு தனிப்பாட்டையும் ஒரே பத்து மதிப்பெண்ணுக்குள் அடைப்பது எந்த இலக்கணத்தின்படி? வந்த ஒவ்வொருவரும் தம் இலக்கைத் தாமே கொண்டுவந்திருக்கிறார்கள். அதுவே சுயாதீன இசை என்பதன் பொருள்.

எல்லோரும் ஒரே ஆசிரியரின் படைப்புகளை வாசிக்கும் போட்டிகளில்கூடத் தீர்ப்பு நிலைகுலைவதுண்டு. போலந்து நாட்டு வார்சாவில் நடக்கும் சோபின் பியானோப் போட்டியில் அனைவரும் வாசிப்பது சோபினின் இசையைத்தான். 1980-இல் அங்கே இவோ பொகொரெலிச் என்ற இளைஞர் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகவில்லை. அத்தீர்ப்பை ஏற்க மறுத்து, நடுவருள் ஒருவரும் உலகப் புகழ்பெற்ற பியானோக் கலைஞருமான மார்த்தா ஆர்கெரிச் குழுவை விட்டே வெளியேறினார். வென்றவர் வியட்நாமின் டாங் தாய் சான். வென்றவரும் விலக்கப்பட்டவரும் பின்னர் உலக மேடைகளில் நெடுங்காலம் வாசித்தார்கள். ஒரே இசையை வாசித்தவர்களை ஒப்பிடுவதிலேயே மேதைகள் இப்படிப் பிளவுபட்டால், வெவ்வேறு இசையை இயற்றியவர்களை மூன்று நிமிடங்களில் ஒப்பிடுவோர் எதை அளக்கிறார்கள்?

தரமறிதல் வேண்டாம் என்று சங்கப் புலவர்கள் சொல்லவில்லை. வேண்டும் என்றே சொன்னார்கள். போரில் ஓரியைக் கொன்றவனாகச் சொல்லப்படும் மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் இதையே வற்புறுத்துகிறார் (புறநானூறு 121). கொடுப்பது எளிது, வந்தவர் ஒவ்வொருவரின் தகுதியையும் அறிவதுதான் அரிது, ஆகவே புலவர்களைப் பொதுநோக்காகப் பார்ப்பதை விட்டுவிடு என்பது அவர் அறிவுரை. அந்தப் ‘பொதுநோக்கு’ என்ற சொல்லை இன்றைய போட்டிகளின்மேல் வைத்துப் பாருங்கள். ஒரே நேர அளவு, ஒரே மதிப்பெண் தாள், போதாக்குறைக்குப் பார்வையாளர் வாக்கு! கபிலர் கேட்டது ஒவ்வொருவரையும் தனித்தனியே அறியும் நோக்கை. போட்டி தருவதோ எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் பொதுநோக்கை. வரிசை அறிதலும் வரிசையில் நிறுத்துதலும் ஒன்றல்ல.

இனி நமக்கு எதிராக எடுத்துவைக்கப்படும் மிக வலுவான சான்றுக்கு வருவோம். விஜய் தொலைக்காட்சியில் 2006-இல் தொடங்கிய சூப்பர் சிங்கர் நிகழ்ச்சியில் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் 2018-இல் பட்டம் வென்றார். அவரும் அதே மேடையில் பாடிய அவருடைய துணைவியார் ராஜலட்சுமியும் தமிழர் வாழும் நாடுகளில் எல்லாம் அறியப்பட்டார்கள். திரைப்பாடல்களும் தேடி வந்தன. போட்டியால் வாழ்வு மாறியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று கேட்பார்கள்.

அவர்களுடைய வெற்றியில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் இரண்டைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் போட்டியில் பாடக் கற்றுக்கொண்டவர்கள் அல்லர். கிராமத்து மேடைகளில் பல்லாண்டுகள் பாடிப் பழகிய குரல்களைத்தான் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. அந்த மேடைகள் கூலி கொடுத்த மேடைகள். மற்றொன்று, இத்தகைய தொலைக்காட்சிப் போட்டியின் வாயில் திறப்பது பெரும்பாலும் திரையிசையின் முற்றத்தில். பின்னணிப் பாடகராக விரும்புகிறவருக்கு அது தக்க நுழைவுத் தேர்வாக அமையலாம். பிறர் இசையமைக்கத் தாம் பாடுவது அந்தத் தொழில். குரலைச் சோதித்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு. தம் பாட்டைத் தாமே இயற்றி அதன் உரிமையையும் தாமே வைத்திருக்க விரும்புகிறவருக்கு அந்தத் தேர்வு எதற்கு? மருத்துவராக விரும்புகிறவர் வழக்கறிஞர் தேர்வு எழுதித் தேறினாலும் நோயாளிக்குப் பயனில்லை.

வெளிச்சம் வந்தால் பொருள் தானே வரும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. அண்மைக் காலத் தமிழ்ச் சுயாதீன இசையில் மிகப் பெரிய வெளிச்சம் எதன்மேல் விழுந்தது? 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ மேல். தெருக்குரல் அறிவும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில் வந்த அந்தப் பாடல் பல கோடிப் பார்வைகளைக் கண்டது. தமிழே தெரியாதவர்கள்கூட அதைக் கேட்டார்கள். மூன்றாண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், அப்பாடலிலிருந்து அதுவரை தமக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே அறிவித்தார். அவ்வழக்கின் நியாயங்களை ஆராய்வது நம் நோக்கம் அன்று. அந்த அளவு வெளிச்சமே தானாகப் பொருளாக மாறவில்லை என்றால், மாவட்டப் போட்டி ஒன்றின் அரையிறுதியில் கிடைக்கும் பத்து நிமிட வெளிச்சம் எந்த வழியாக அரிசியாக மாறும்? வெளிச்சத்திற்கும் வருமானத்திற்கும் இடையே ஒப்பந்தம் என்ற பாலம் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டாதவர் இக்கரையிலேயே நிற்கவேண்டியதுதான்.

அப்படியானால் சங்ககாலம் பொற்காலமா, இன்று வள்ளல்களுக்கு எங்கே போவது என்று நண்பர்கள் நகைப்பது கேட்கிறது. பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. பாணர் குடும்பங்களின் பசியைப் பாடாத தொகைநூலா உண்டு? ஓரியிடமே கழைதின் யானையார் பாடிய பாட்டு (புறநானூறு 204) பரிசில் கைக்கு வராத ஒருவரின் குரலாகவே ஒலிக்கிறது. இரப்பது இழிவு, இல்லை என்பது அதனினும் இழிவு என்ற புகழ்பெற்ற கருத்து பிறந்தது அந்தப் பாட்டில்தான். வராத பரிசிலுக்கு உன்னை நோகமாட்டேன், நான் புறப்பட்ட நேரத்தையும் சகுனத்தையும்தான் நோகவேண்டும் என்கிறார் அவர். ஆக, வள்ளலின் வாயிலிலும் ஏமாற்றம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் கொடுக்காமல் விடுவது கொடாதவனுக்கு இழிவு. இன்றோ பெறாமல் திரும்புகிறவர் ‘தோற்றவர்’ ஆகிவிடுகிறார். பாடியவருக்குப் பணம் தராத பழி பாடியவர் தலையிலேயே விழும்படி செய்திருப்பது போட்டி என்ற அமைப்பின் சாமர்த்தியம்.

பசி தீர்ந்தால் பாட்டு நின்றுவிடும், போட்டியின் நெருக்கடிதான் கலையைக் கூர்மையாக்கும் என்பாரும் உளர். இவர்களுக்கும் வன்பரணரிடமே சான்று கிடைக்கும். ஓரியின் கொடையைப் பெற்ற கூத்தர் சுற்றம் பசி நீங்கியதால் ஆடலையும் பாடலையும் மறந்துவிட்டது என்று 153ஆம் பாடலில் அவர் சொல்கிறார். ஆனால் அதைச் சொன்ன வன்பரணர் பாடுவதை மறக்கவில்லையே! அந்த வரியே ஒரு பாட்டின் முடிப்புத்தானே! கொடையின் மிகுதியைப் போற்றப் புலவர் கையாண்ட உயர்வு நவிற்சியைக் கூலி கொடாமைக்குச் சட்டமாக்குவது இலக்கியம் படித்தவர் செய்யும் வேலை அன்று.

பெயர் பரவவேண்டும் என்ற ஆசையில் தவறு இல்லை. அதற்கு நம் முன்னோரிடம் ஒரு வழி இருந்தது. அதன் பெயர் ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வறுமையோடு வரும் பாணனைக் கண்டு, நான் இன்னாரிடம் பெற்றேன், நீயும் போ, வழி இது, வழியில் உணவு கிடைக்கும் ஊர்கள் இவை என்று சொல்லி அனுப்புவது. தொல்காப்பியம் இதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகள். சிறுபாணாற்றுப்படை வரிசைப்படுத்தும் வள்ளல் எழுவரில் நம் ஓரியும் ஒருவன். வேறெந்தத் தொழிலில் இப்படி ஓர் இலக்கிய வகை தோன்றியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தொழிலில் வெற்றிகண்டவன் தன் வாடிக்கையாளரின் முகவரியை அடுத்தவனுக்குக் கொடுப்பதையே ஒரு காப்பிய அளவுக்குப் பாடி வைத்தவர்கள் நாம்!

போட்டி அழிப்பது இதைத்தான். ஒரே மலைப்பாதையில் எதிரெதிரே வந்து வழி சொல்லியிருக்கவேண்டிய இருவரை, ஒரே மேடையில் நிறுத்தி, அவன் விழுந்தால்தான் நீ எழுவாய் என்று சொல்லிக்கொடுக்கிறது. எந்த மேடை கூலி தருகிறது, எந்த அமைப்பாளர் சொன்ன தொகையைச் சொன்ன நாளில் தருகிறார் என்ற செய்தி ஒரு கலைஞரிடமிருந்து மற்றவருக்குப் போகவேண்டும். போட்டியாளர்களுக்கு இடையில் அது போவதில்லை. இந்த மௌனத்தால் ஆதாயம் அடைபவர் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

போட்டியின்றி எழுந்தவர்களும் நம் கண்முன் இருக்கிறார்கள். சென்னையில் 2018 ஜனவரியில் முதல் நிகழ்ச்சியை நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் கானாப் பாடகர்களும் ராப் பாடகர்களும் பறைக் கலைஞர்களும் ராக் இசையினரும் ஒரே மேடையில் நின்றார்கள். இவர்களையே ஒரு போட்டியில் நிறுத்தியிருந்தால் வகைக்கு ஒருவராகப் பிரிந்து ஒருவரையொருவர் வெல்ல முயன்றிருப்பார்கள். ஒருவர் வென்றிருப்பார், குழு பிறந்திருக்காது. இணைந்து நின்றதால்தான் அவர்கள் பாட்டுக்கு அந்தப் பலம் வந்தது. ஆற்றுப்படையின் இன்றைய வடிவம் இதுவே என்போம்.

நம் நிலைப்பாட்டைச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். அழைப்பு வரும்போது கலைஞர்கள் மூன்றைக் கேட்கவேண்டும். மேடையேறும் ஒவ்வொருவருக்கும் பயணச் செலவும் மதிப்பூதியமும் உண்டா? வென்றவருக்குக் கூடுதலாகப் பரிசு இருப்பதில் நமக்கு மறுப்பில்லை. இரண்டாவது, பாட்டின் உரிமை யாரிடம் இருக்கும்? நுழைவுப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில், சமர்ப்பிக்கப்படும் படைப்பை எவ்விதத்திலும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை அமைப்பாளருக்கு உண்டு என்ற ஒரு வரி இருக்கக்கூடும். படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்கவேண்டும், எந்தப் படைப்பு, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்பவை குறிக்கப்படவேண்டும் என்கிறது. காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு. இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 2012-இல் வந்த திருத்தம், ஒலிப்பதிவுகளின் பயன்பாட்டிலிருந்து பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேரவேண்டிய உரிமைத்தொகையை அவர்கள் விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கவும் இடம் தரவில்லை. சட்டம் கொடுத்ததைப் பொடி எழுத்துக்குப் பயந்து விட்டுவிடலாமா? மூன்றாவது, கேட்கப்போகிறவர் யார்? அவர் பெயர் முன்பே சொல்லப்படவேண்டும். முழுப் பாட்டையும் அவர் கேட்கவேண்டும். தம் கருத்தை எழுதித் தரவேண்டும்.

மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் தயங்காமல் போங்கள். அது கூலி தரும் மேடை, பெயரில் மட்டுமே போட்டி. ஒன்றுக்கேனும் இல்லை என்று வந்தால் மறுத்துவிடுங்கள். மறுப்பதற்கும் நமக்கு முன்னோடி உண்டு. கொல்லிமலைக்கு வடக்கே தகடூரில் அதியமான் நெடுமான் அஞ்சி, பெருஞ்சித்திரனாரை நேரில் காணாமலேயே பரிசில் கொடுத்தனுப்பினான். பசித்த வீட்டுக்குத் திரும்பவேண்டியவர் அவர். ஆயினும், காணாமல் கொடுத்த பொருளை வாங்கிப்போக நான் வாணிகப் பரிசிலன் அல்லன் என்று சொல்லி மறுத்துவிட்டார்; என் தகுதி அறிந்து கொடுப்பதானால் தினை அளவும் எனக்கு இனியதே என்றார் (புறநானூறு 208). அவர் மறுத்தது நிறைந்த பரிசிலை. இன்றைய கலைஞர்களை நாம் மறுக்கச் சொல்வதோ வெறுங்கையை. இதற்குப் பெருஞ்சித்திரனாரின் துணிவில் தினை அளவு இருந்தாலே போதும்.

மேடை அமைப்போருக்கும், குறிப்பாக ஓரியின் பெயரால் ஆண்டுதோறும் விழா எடுப்போருக்கும் ஒரு வேண்டுகோள். வில்லாளிகளுக்கு இலக்கு நட்டுப் போட்டி நடத்துங்கள், நன்று. அதே நாள்களில், தமிழகத்தின் சுயாதீன இசைக்குழுக்கள் சிலவற்றையேனும் மலைக்கு அழையுங்கள். பேசிய தொகையை அவர்கள் மலையிறங்கும் முன் கையில் கொடுங்கள். வரிசை எண் கொடுக்காதீர்கள். அவர்கள் ஊர் திரும்பும் வழியில் எதிரே வரும் கலைஞரிடம், கொல்லிமலைக்குப் போ, அங்கே கொடுக்கிறார்கள் என்று சொல்வார்கள். அந்தச் சொல்லைவிடப் பெரிய வெளிச்சம் கலைஞருக்கும் இல்லை, ஓரிக்கும் இல்லை.